செல்லப்பிராணிகளைப் பற்றி ஸ்பானிய மொழியில் பேச: பட்டியலா, செயலியா, வாக்கியங்களா, ஆசிரியரா?

ஸ்பானிய மொழியைப் புதிதாகத் தொடுகிறவர்கள் வணக்கம், நன்றி, எண்கள், குடும்ப உறவுகள் என்று தொடங்கி, வெகு விரைவிலேயே வீட்டில் வளரும் நாயையும் பூனையையும் பற்றிப் பேச விரும்புகிறார்கள். அந்த விருப்பம் சரியானது. மாட்ரிட், வலென்சியா போன்ற நகரங்களில் மாலை நேரப் பூங்காக்களில் முன்பின் அறியாத இருவர் பேசத் தொடங்குவதற்கு நாயைவிட எளிய காரணம் கிடையாது. அதன் பெயரைக் கேட்டால் வயது வரும், வயதைக் கேட்டால் அது வீட்டுக்கு வந்த கதை வரும். இதற்கான அடிப்படைச் சொற்களையும் வாக்கியங்களையும் தமிழர் ஒருவர் கற்க நான்கு வழிகள் கண்முன் உள்ளன. சொற்பட்டியலை மனப்பாடம் செய்யலாம். கைப்பேசிச் செயலி ஒன்றில் தினமும் பயிற்சி செய்யலாம். சூழலுக்கு ஒரு தொகுதி என்று முழு வாக்கியங்களாகவே படிக்கலாம். ஆசிரியரிடமோ நிறுவனத்திலோ சேரலாம். இவற்றில் மூன்றாவதுதான் முதுகெலும்பாக இருக்க வேண்டும் என்பதும், அந்த வாக்கியங்களுக்கு எதிரே ஆங்கிலத்தை எழுதாமல் தமிழை எழுத வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. மற்ற மூன்றுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு.

பட்டியலை முதலில் பார்ப்போம். நாய் ‘பெர்ரோ’, பூனை ‘காத்தோ’, முயல் ‘கொனெஹோ’, ஆமை ‘தொர்த்தூகா’, கிளி ‘லோரோ’, பறவை ‘பாஹரோ’, வளர்ப்புப் பிராணி என்பதற்குப் பொதுச்சொல் ‘மஸ்கோத்தா’. இப்படி இருபது சொற்களை ஒரு வார இறுதியில் நெட்டுருச் செய்துவிடலாம். மறக்கும் தறுவாயில் சொல்லைத் திரும்பக் காட்டும் ஆங்கி போன்ற அட்டை மென்பொருள்களில் போட்டு வைத்தால் அவை நீண்ட நாள் நிற்கவும் செய்யும். செலவு இல்லை, ஆசிரியர் வேண்டாம், பேருந்தில் உட்கார்ந்தே படிக்கலாம். ஆனால் இருபது பெயர்கள் தெரிந்தவரால் எதிரே நிற்கிறவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது என்பது இதன் பெரிய குறை. அதோடு, தனியே எழுதப்பட்ட சொல் தன் நடத்தையை மறைத்துக்கொள்கிறது. ‘பெர்ரோ’ ஆண், ‘பெர்ரா’ பெண் என்று பட்டியல் சொல்லிவிடும். அதைத் தொடர்ந்து வரும் அடைமொழியும் மாறி ‘மி பெர்ரோ எஸ் கரிஞோஸோ’, ‘மி பெர்ரா எஸ் கரிஞோஸா’ (என் நாய் பாசமானது) என்று ஆவதைச் சொல்லாது. ‘பெர்ரா’ என்ற சொல்லைப் பெண்ணொருத்தியை நோக்கிச் சொன்னால் அது கடும் வசை என்பதையும், அதனாலேயே பலர் தம் பெண் நாயை ‘பெர்ரீத்தா’ என்று குறுக்கிச் செல்லமாகச் சொல்ல விரும்புகிறார்கள் என்பதையும் அது சொல்லாது. தொட்டியில் நீந்தும் மீன் ‘பெஸ்’, தட்டுக்கு வரும் மீன் ‘பெஸ்காதோ’; பட்டியலில் மீன் என்பதற்கு எதிரே இவற்றில் எது அச்சாகியிருக்கிறதோ அதையே இரண்டுக்கும் சொல்லும் பழக்கம் வந்துவிடும். மனிதரின் கால் ‘பியெர்னா’, விலங்கின் கால் ‘பாத்தா’ என்பதும் இதே வகை.

பட்டியலை அடியோடு தள்ள வேண்டியதில்லை. கால்நடை மருத்துவரிடம் போகும்போது உடலுறுப்புகளின் பெயர் வேண்டும். கடையில் கழுத்துப்பட்டை (‘கொல்யார்’), நடத்திச் செல்லும் வார் (‘கொர்ரேயா’), கூண்டு (‘ஹௌலா’) ஆகியவற்றின் பெயர் வேண்டும். வாக்கியத்தின் சட்டகம் கைக்கு வந்த பிறகு அதற்குள் இட்டு நிரப்ப இந்தப் பெயர்கள் பயன்படும். முதல் வாரத்தில் பட்டியல் படிப்பது வீண். நான்காவது வாரத்தில் அதே பட்டியல் பலன் தரும்.

செயலிகளுக்கு வருவோம். டுவோலிங்கோ 2012இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன்பின் வந்த செயலிகள் பல. இவை செய்யும் நன்மை மெய்யானது. சொல்லை எழுத்தில் காட்டும்போதே ஒலியையும் கேட்கவைக்கின்றன. நாள் தவறாமல் பத்து நிமிடம் உட்காரவைக்கின்றன. தொடக்கப் பாடங்களில் நாயும் பூனையும் அடிக்கடி வருகின்றன. ஆயினும் செல்லப்பிராணிகள் என்ற ஒரே பொருளுக்காகச் செயலியை நம்புவது நேர விரயம். அந்தச் சொற்கள் உணவகம், விமான நிலையம், பள்ளி என்று பல பாடங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும்; நாய் ஆப்பிள் தின்கிறது என்பது போன்ற, யாரும் யாரிடமும் சொல்லாத வாக்கியங்கள் நிறைய வரும்; தடுப்பூசி, தத்து, நொண்டி நடப்பது போன்ற தேவையான சொற்கள் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம்மில் பெரும்பாலோர் செயலிகளை ஆங்கிலம் வழியாகவே பயன்படுத்துகிறோம். அதனால் ஸ்பானிய மொழிக்கும் தமிழுக்கும் இடையே இயல்பாகவே உள்ள நெருக்கத்தை இழந்துவிடுகிறோம். ‘மே குஸ்தான் லோஸ் காத்தோஸ்’ என்ற வாக்கியத்தை ஆங்கிலவழியில் படிப்பவர் தலைகீழாகப் புரட்டிப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஆங்கிலத்தில் ‘நான்’ எழுவாய், பூனைகள் செயப்படுபொருள். தமிழில் நாம் சொல்வது என்ன? எனக்குப் பூனைகள் பிடிக்கும். ‘மே’ என்பது எனக்கு, பூனைகளே எழுவாய், பிடிப்பதும் அவற்றைச் சார்ந்தது. சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது, எதையும் புரட்ட வேண்டியதில்லை. ‘லே துவேலே லா பாத்தா’, அதற்குக் கால் வலிக்கிறது. ‘லே ஆஸே ஃபால்தா ஆகுவா’, அதற்குத் தண்ணீர் தேவை. ‘மே தா மியேதோ’ என்பதும் இந்த வரிசையில் சேர்ந்ததே: எனக்குப் பயமாக இருக்கிறது. நான்காம் வேற்றுமையைத் தாய்ப்பாலோடு பழகியவர்கள் இதற்கு ஆங்கிலத்தின் வழியே சுற்றிப் போவது தேவையற்ற உழைப்பு.

இன்னொரு பொருத்தம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. வளர்க்க நாய் தேடுகிறவர் ‘புஸ்கோ உன் பெர்ரோ’ என்பார். தொலைந்துபோன தம் நாயைத் தேடுகிறவர் ‘புஸ்கோ ஆ மி பெர்ரோ’ என்று நடுவே ‘ஆ’ என்ற இடைச்சொல்லைச் சேர்ப்பார். அன்புக்குரியதும் குறிப்பானதுமான உயிர் செயப்படுபொருளாக வரும்போது இந்த ‘ஆ’ வருகிறது. ஆங்கிலத்தில் இதற்கு இணை இல்லாததால் ஆங்கிலவழிப் பாடநூல்கள் இதைக் கடினமான இலக்கணமாக ஒதுக்கி, பின்னால் தள்ளிவிடுகின்றன. தமிழரோ ‘நாய் தேடுகிறேன்’ என்பதற்கும் ‘என் நாயைத் தேடுகிறேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை யோசிக்காமலே காட்டுகிறார். ஐகாரம் வரும் இடங்கள் பலவற்றில் அங்கே ‘ஆ’ வருகிறது. எல்லா இடத்திலும் இந்த ஒப்புமை ஓடாது, உயிரற்ற பொருள்களுக்கு நாம் ஐ சேர்ப்போம், அவர்கள் ‘ஆ’ சேர்ப்பதில்லை. செல்லப்பிராணிகளைப் பொறுத்தவரை அது நன்றாகவே கைகொடுக்கும்.

பொருந்தாத இடமும் ஒன்று உண்டு, அதை மறைக்கக்கூடாது. வயது, பசி, தாகம் ஆகியவற்றுக்கு ஸ்பானியர் ‘தியேனே’ (வைத்திருக்கிறது) என்ற வினையைப் பயன்படுத்துகிறார்கள். ‘தியேனே த்ரேஸ் ஆஞோஸ்’, அதற்கு மூன்று வயது. ‘தியேனே ஆம்ப்ரே’, அதற்குப் பசிக்கிறது. இங்கே தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது. அப்படியே வாயில் பழக வேண்டும்.

அதனால்தான் மூன்றாவது வழியை, சூழலுக்கேற்ற முழு வாக்கியங்களை, முதன்மையாகச் சொல்கிறேன். பூங்கா, மருத்துவமனை, தத்தெடுப்பு என்று மூன்று சூழல்கள் போதும்.

பூங்காவில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். ‘கோமோ ஸே யாமா?’ (பெயர் என்ன?), ‘குவான்தோஸ் ஆஞோஸ் தியேனே?’ (என்ன வயது?), ‘எஸ் மாச்சோ ஓ எம்ப்ரா?’ (ஆணா, பெண்ணா?), ‘கே ராஸா எஸ்?’ (என்ன இனம்?), ‘புவேதோ அக்கரிஸியார்லோ?’ (தடவிக் கொடுக்கலாமா?). ஆணா பெண்ணா என்ற கேள்வி ஆர்வத்தினால் மட்டும் வருவதில்லை. இரண்டு ஆண் நாய்கள் நெருங்கினால் சண்டை வருமோ என்று பார்ப்பவர்களும் அதைத்தான் கேட்பார்கள். அதையொட்டி ‘ஸே யேவா பியென் கோன் ஓத்ரோஸ் பெர்ரோஸ்?’ என்று, மற்ற நாய்களோடு ஒத்துப்போகுமா என்று கேட்பது வழக்கம். பெரிய நாயொன்று வாரை இழுத்துக்கொண்டு நம்மை நோக்கி வரும்போது அதன் உரிமையாளர் தூரத்திலிருந்தே ‘நோ ஆஸே நாதா!’ என்று குரல் கொடுப்பார். ஒன்றும் செய்யாது! சென்னையிலும் மதுரையிலும் நாய் வளர்ப்பவர்கள் இதையே இதே தொனியில் சொல்லி நாம் கேட்டிருக்கிறோம். பயந்தவர் ‘முவேர்தே?’ (கடிக்குமா?) என்று திருப்பிக் கேட்கலாம். குரைக்கிற நாய் கடிக்காது என்ற நம் பழமொழிக்கு நேரான ‘பெர்ரோ லத்ரதோர், போக்கோ மொர்தெதோர்’ என்பதை அந்த நேரத்தில் சொல்லத் தெரிந்திருந்தால் எதிரே இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். தொடக்க நிலையிலேயே சொல்லக்கூடிய பழமொழி அது.

வாக்கியங்களை வாய்விட்டுப் படிப்பதில் தமிழருக்கு ஒலியிலும் சாதகம் உண்டு. ‘நாதா’ என்பதில் வரும் த, நம் ‘அது’ என்பதில் வரும் மெல்லிய த போன்றதே. ஆங்கிலப் பழக்கத்தில் ‘நாடா’ என்று சொல்லிவிடாமல் இருந்தால் போதும். ‘தொர்த்தூகா’வின் இறுதிக் ககரம் ‘அகம்’ என்பதில் ஒலிப்பது போன்றது. ‘ஆஞோஸ்’ என்பதில் வரும் ஒலி ‘ஞாயிறு’ என்பதன் முதலெழுத்தே. இதை னகரமாகச் சொன்னால் ஆசனவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும் என்பதால் கவனம் தேவை. கடினமானது ‘பெர்ரோ’வின் உருட்டல் ஒலி. நாவை அழுத்தி உருட்டாவிட்டால் அது ‘பெரோ’, அதாவது ‘ஆனால்’ என்று பொருள்படும் சொல் ஆகிவிடும். ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு காட்டிப் பேசும் குமரி மாவட்டத்தாருக்கு இந்த வேற்றுமை உடனே பிடிபடும். மற்றவர்களும் றகரத்தை இன்னும் அழுத்தமாகச் சொல்லிப் பழகினால் வந்துவிடும்.

மருத்துவமனைக்கான தொகுதி சிறியது, ஆனால் தவறில்லாமல் தெரிய வேண்டியது. ‘நோ கோமே தெஸ்தே அயேர்’ (நேற்றிலிருந்து சாப்பிடவில்லை), ‘பொமித்தா’ (வாந்தி எடுக்கிறது), ‘தியேனே தியர்ரேயா’ (வயிற்றுப்போக்கு இருக்கிறது), ‘கொஹேயா’ (நொண்டி நடக்கிறது), ‘எஸ்தா பக்குனாதோ’ (தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது). இரவில் திறந்திருக்கும் அவசரப் பிரிவு ‘உர்ஹென்ஸியாஸ்’. உங்களிடம் கேட்கப்படும் தடுப்பூசிக் கையேடு ‘கர்த்தீயா’. இவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள முடிவது போதாது. பதற்றத்தில் இருக்கும்போது வாயில் தானாக வரும் அளவுக்குப் பழக வேண்டும். செயலியில் சரியான விடையைத் தொட்டுப் பழகிய கைக்கு அந்த நேரத்தில் வேலையே இல்லை.

தத்தெடுப்புத் தொகுதிக்குக் காசு கொடுத்து நூல் வாங்க வேண்டாம். ஸ்பெயினில் உள்ள விலங்குக் காப்பகங்கள், அதாவது ‘ப்ரொதெக்தோரா’க்கள், வெளியிடும் அறிவிப்புகள் பலவும் நாயே தன்னைப் பற்றிப் பேசுவதுபோல் எழுதப்படுகின்றன. ‘ஓலா, ஸோய் லூனா. தெங்கோ தோஸ் ஆஞோஸ். ஸோய் மூய் கரிஞோஸா. புஸ்கோ உன் ஒகார்.’ வணக்கம், நான் லூனா, எனக்கு இரண்டு வயது, நான் மிகவும் பாசமானவள், எனக்கு ஒரு வீடு தேடுகிறேன். முதல் மாத மாணவர் படிக்க வேண்டிய இலக்கணம் முழுவதும் இந்த நான்கு வரிகளில் அடங்கியிருக்கிறது: பெயர், வயது, இயல்பு, தேவை, ‘ஸோய்’, ‘தெங்கோ’, ‘புஸ்கோ’ என்று தன்மை வினை மூன்று, பெண்பால் அடைமொழி. கீழே சிறிய எழுத்தில் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை, மைக்ரோசிப் ஆகியவை முடிந்தனவா என்ற விவரம் இருக்கும். அதே நான்கு சொற்கள் எல்லா அறிவிப்பிலும் திரும்பத் திரும்ப வருவதால் தாமாகவே மனத்தில் தங்கிவிடும். வேட்டைப் பருவம் முடிந்தபின் கைவிடப்படும் கால்கோ என்ற ஒல்லியான வேட்டை நாய்களின் அறிவிப்புகள் இவற்றில் நிறைய இருக்கும். 2023ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் நாயை 24 மணி நேரத்துக்குமேல் கவனிப்பின்றித் தனியே விடக்கூடாது என்று விதித்தபோதும், வேட்டை நாய்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது. அந்த அறிவிப்புகளைப் படிக்கும்போது மொழியோடு அந்த நாட்டின் ஒரு துயரமும் புரிந்துவிடுகிறது, புரிய வேண்டியதும்தான்.

ஆசிரியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்பெயின் அரசு 1991இல் நிறுவிய இன்ஸ்திதூத்தோ செர்வாந்தெஸ் 2009 முதல் புதுதில்லியில் இயங்குகிறது. ஸ்பானிய மொழியை முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெற விரும்புகிறவர்களுக்கு அது சிறந்த இடம். அதன் பாடத்திட்டம் பொதுவானது என்பதால் பிராணிகளைப் பற்றிய பேச்சு அதில் ஒரு சிறு பகுதியாகத்தான் வரும். இந்த ஒரு பொருளுக்காக அங்கே சேர்வது பொருந்தாது. இணையவழியில் தனியாசிரியர் ஒருவரோடு ஓரிரு மணி நேரம் மட்டும் அமர்வது வேறு: நீங்கள் தயாரித்த வாக்கியங்களைச் சொல்லிக்காட்டி, அவரைக் கால்நடை மருத்துவராக நடிக்கச் சொல்லி, உருட்டல் ரகரத்தைத் திருத்தச் சொல்லலாம். இதற்குச் செலவிடும் பணம் வீண்போகாது. ஆனால் வாக்கியங்கள் கையில் இல்லாமல் போனால் அந்த நேரம் பட்டியல் வாசிப்பதிலேயே கரைந்துவிடும்.

எந்த நாட்டு ஸ்பானியம் என்ற கேள்வியை வழியைத் தேர்வதற்கு முன்பே முடிவு செய்வது நல்லது, ஏனெனில் செல்லப்பிராணிகளைப் பற்றிய சொற்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. உலர் தீவனம் ஸ்பெயினில் ‘பியென்ஸோ’, மெக்சிகோவில் ‘க்ரொக்கேத்தாஸ்’, அர்ஜென்டினாவில் ‘அலிமென்த்தோ பலன்ஸேயாதோ’. கலப்பின நாயை மெஸ்தீஸோ என்றால் எங்கும் புரியும். பேச்சில் ஸ்பெயினில் ‘சூச்சோ’, சிலியில் ‘கில்த்ரோ’, கோஸ்டா ரிக்காவில் ‘ஸகுவாத்தே’. மெக்சிகோவில் தானாக வந்து வீட்டில் ஒட்டிக்கொண்ட நாய்க்கு ‘ஸொலொவீனோ’ என்றே பெயர், ‘தானாக வந்தது’ என்பதுதான் அதன் பொருள். கட்டளைகளும் மாறும்: வா என்பதற்கு ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் ‘பென்’, அர்ஜென்டினாவில் ‘பெனீ’. நாயைத் தூக்கு, பிடி என்று சொல்ல ஸ்பெயினில் நாள்தோறும் புழங்கும் ‘கொஹேர்’ என்ற வினை மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கொச்சையான பாலியல் பொருள் தரும். அங்கே ‘அகர்ரார்’ என்பதே பாதுகாப்பானது. ஸ்பெயினின் பெரும்பகுதியில் ‘ஆஸே’ என்பதை நாக்கைப் பல்லிடையே வைத்துச் சொல்வார்கள், லத்தீன் அமெரிக்காவில் சகரமாகவே சொல்வார்கள். இந்த ஒலி வேறுபாட்டால் புரியாமல் போவதில்லை, கவலை வேண்டாம். செயலிகளில் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கச் சாயல் இருக்கும், எனவே ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் காப்பக அறிவிப்புகளை அந்நாட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

பொழுதுபோக்காகக் கற்கிறவருக்குச் செயலியும் வாரம் ஒரு தத்தெடுப்பு அறிவிப்பும் போதுமானவை. குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோர் பட்டியலில் தொடங்குவதே சரி. குழந்தைக்குப் பெயர் சொல்வதே மகிழ்ச்சி, நாய் ‘குவாவ்’ என்றும் பூனை ‘மியாவ்’ என்றும் கத்துவது அதைவிட மகிழ்ச்சி. ஸ்பெயினில் குடியேறப் போகிறவர்களுக்கு வாக்கியத் தொகுதிகளோடு தனியாசிரியரின் சில அமர்வுகள் வேண்டும். ஜனவரி 17 அன்று மாட்ரிட்டின் ஒர்த்தலேஸா தெருவில் உள்ள ஸான் அந்தோன் தேவாலயத்துக்கு மக்கள் நாய், பூனை, ஆமை, கிளி என்று தங்கள் பிராணிகளை ஆசி பெறக் கொண்டுவருவார்கள். பூங்காத் தொகுதியைப் பயன்படுத்த அதைவிட நல்ல நாள் அமையாது.

தம் நாயையும் இந்தியாவிலிருந்து உடன் அழைத்துச் செல்கிறவர்களுக்கு மட்டும் தேர்வு தானாகவே அமைந்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி முதலில் மைக்ரோசிப், பிறகு வெறிநோய்த் தடுப்பூசி, அதிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. ஆக நான்கு மாதத்துக்குக் குறையாத அவகாசம் கிடைக்கும். மருத்துவமனைத் தொகுதியை முதலில் வைத்து, ‘மிக்ரோசிப்’, ‘ராபியா’ (வெறிநோய்), ‘ப்ருவேபா தே ஆந்திகுவெர்போஸ்’ (எதிர்ப்பொருள் சோதனை), ‘ஸெர்த்திஃபிகாதோ’ (சான்றிதழ்) ஆகியவற்றை அதன் தலையில் சேர்த்து, முதல் இரண்டு மாதங்களை அதற்கே கொடுங்கள். பூங்காவுக்கான வாக்கியங்களை அதன்பின் படித்தால் போதும். விமான நிலையத்தில் ஆவணங்களைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி ‘எஸ்தா பக்குனாதோ?’ என்று கேட்கும்போது, ‘ஸீ, அகீ எஸ்தா லா கர்த்தீயா’ என்று கையேட்டை நீட்டத் தெரிந்திருக்க வேண்டும்.